என் மாலை வகுப்பும் அசலும்

ஜூன் 3
பதினாறு வருடமாக நான் எடுத்துவந்த மாலை நேர ஆங்கில வகுப்பு இன்றோடு என்னுடையது இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை எங்கள் பயிற்சி மைய மேனேஜர் எங்கிருந்தோ பிடித்து வந்திருக்கிறார். "அசல், மிஸ்! அசல்!" என்று பூரித்தார். எனக்கு அந்த மனிதர் பெயரே அசல் ஆகிவிட்டது. எனக்குப் புது வேலை: அசலுக்குத் தினம் ஒரு மணி நேரம் தமிழ் கற்றுக்கொடுப்பது.

ஜூன் 4
அசல் நல்ல மனுஷர். அது இன்னும் எரிச்சல்.

ஜூன் 11
வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்ட நர்ஸ் மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். "இது ஏன் தப்புன்னு புது சார்கிட்ட கேட்டா, காதுக்கே தெரியுமேங்கிறார் மிஸ். என் காதுக்குத் தெரியலையே! அடுத்த மாசம் பரீட்சை."

இதெல்லாம் ஒரு பதிலா? சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே சொல்லக் கூடாது, எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 12
அசல் கேட்டார்: கடவுளை 'வா' என்கிறீர்கள், மேனேஜரை 'வாங்க' என்கிறீர்கள். ஏன்?

அது அப்படித்தான் என்றேன். எப்படித் தெரிந்துகொள்வது என்றார். தானாக வரும் என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நேற்று சிரித்த வாய்! அடச்சே.

ஜூன் 18
அசல் இப்போதெல்லாம் தமிழ் கற்பது வாசலில், வாட்ச்மேனோடு. வாட்ச்மேனுக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. முப்பது வயதில் பிழைக்க வந்து கற்றது. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"சாமி கோவிச்சுக்காது, மேனேஜர் கோவிச்சுப்பார். அவ்வளவுதான் சார். சந்தேகம்னா 'வாங்க'ன்னு சொல்லிடுங்க. வந்த புதுசுல நான் முதலாளிய 'வா'ன்னேன். மறுநாள் வேலை இல்ல."

விழுந்தவனுக்குப் பள்ளம் தெரிகிறது. தமிழில் நான் விழுந்ததே இல்லை. ஆங்கிலத்தில் நான் விழாத பள்ளம் இல்லை.

ஜூன் 19
மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "வாட்ச்மேன் எப்படித் தமிழ் சொல்லித் தரலாம்? அவருக்கு அது தாய்மொழியே இல்லையே!"

அசல் முந்திக்கொண்டார், தமிழிலேயே. "அவர் சொன்னா புரியுது. மிஸ் சொன்னா புரியலை."

கூனிக் குறுகிப்போனேன். பிறகு, இதைவிட நல்ல சிபாரிசு இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று பட்டது. "இங்கிலீஷுக்கும் அதேதான் சார். என் வகுப்பைத் திருப்பிக் கொடுங்க."

ஜூன் 20
யோசிக்கிறாராம்.

ஜூன் 23
வாசலில் அசல் படம் போட்ட புது போஸ்டர். உள்ளே மாலை வகுப்பில் நான். வெள்ளிக்கிழமை மட்டும் பேச்சுப் பயிற்சிக்கு அசல்.

நர்ஸ் கையைத் தூக்கி, "இது ஏன் தப்பு மிஸ்?" என்றாள். பதினேழு வயதில் அதே தப்பை நிறைந்த சபையில் நான் செய்த கதையிலிருந்து ஆரம்பித்தேன்.