கஞ்சன்ஜங்காவுக்கு இரண்டு வழி

மலையேற்றக் காலணி இன்று காலை கூரியரில் வந்தது. பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை வீடு முழுக்கப் பரவியது. மத்திகிரியில் நாம் சேர்ந்திருந்த அதே வாடகை வீடுதான். நீ இருந்திருந்தால் முதலில் அதை மூக்கோடு வைத்து முகர்ந்துவிட்டு, அப்புறம் என்னைத் திட்டியிருப்பாய். "கம்பெனி ஷூ கல்லு மாதிரி இருக்குது. இது எதுக்குடி தண்டத்துக்கு?"

அந்தக் கல்லு ஷூவை நம்பித்தானே கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏறினோம்! கஞ்சன்ஜங்கா சிகரம் பார்க்க இமயமலைக்குப் போகும் நம் கனவுக்கு ஒத்திகை என்று சொல்லி, விரல்மேல் இரும்புத் தகடு வைத்த சேஃப்டி ஷூவோடு கிளம்பிய பெண்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருக்கும். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது படிக்குப் படி கால்விரல் போய் இரும்பில் மோதியது. மறுநாள் கம்பெனியில் நம் தரப் பரிசோதனை மேசையில் இருவரும் நொண்டுவதைப் பார்த்த சூப்பர்வைசர், "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படிம்மா கால்ல அடிபட்டுச்சு?" என்றார். நீ கண் இமைக்காமல், "இமயமலையில சார்" என்றாய். கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. நமக்கு அதுவும் ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நடப்போம். மதகுக்குக் கீழே ஆற்றில் கழிவு நுரை வெள்ளை வெளேரென்று பொங்கிக் குவிந்து கிடக்கும். "பாருடி, கஞ்சன்ஜங்கா நம்ம ஊருக்கே வந்துடுச்சு" என்பாய், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டே. எனக்குச் சிரிப்பு அடங்காது.

பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் கோளாறு, மேடு ஏறி நடக்கவே கூடாது என்றார் டாக்டர். நான்தான் அழுதேன். நீ மறுவாரமே சாப்பாட்டு இடைவேளையில் ஒரு தாளோடு வந்து நின்றாய். நடக்காமல் சிகரம் பார்க்கும் வழிகளை நம் செக் ஷீட் மாதிரியே கட்டம் போட்டு எழுதியிருந்தாய். விமானத்தின் ஜன்னல். டார்ஜிலிங் மலை ரயில். விடியலில் ஜீப்பில் போய்ச் சூரியன் எழுவதைப் பார்க்கிற குன்று.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், இதுக்கெல்லாம் சரின்னுட்டாரு. நடந்தாத்தான் மலைன்னு யாரு சொன்னது? எனக்குக் கண்ணால பாத்தா போதும்டி."

எனக்குத்தான் எவ்வளவு கொழுப்பு! "ஜீப்புல போய்ப் பாக்கறதுக்கு போட்டோவே பாத்துக்கலாம்" என்று சொல்லி, யூனிஃபார்ம் பையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அந்தத் தாளில் ஒட்டினேன். பழுதான பாகத்துக்கு ஒட்டுகிற ரிஜெக்ட் ஸ்டிக்கர். நீ சிரித்தாய். "ரிஜெக்ட் போட்டவதான் மறுபடி செக் பண்ணி பச்சை ஒட்டணும். ரூலு தெரியுமில்ல? நான் காத்திருக்கறேன்."

உடம்பு தேறட்டும், சேர்ந்தே நடப்போம் என்றுதான் நினைத்தேன். ஆயுத பூஜை விடுமுறை வருவதற்குள் நீ போய்விட்டாய். அந்த ஜீப்பிலேயே போயிருக்கலாமே என்று எத்தனை நாள் மனசு அடித்துக்கொண்டது தெரியுமா?

போன மாதம் உன் ஊர் கல்லாவிக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உன் துணிகளுக்கு நடுவே மடித்திருந்த அந்தத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதைத் தூக்கிப் போடவே விடமாட்டாம்மா. உங்கிட்ட சைன் வாங்கணும்னு சொல்லிட்டே இருந்தா" என்றார். மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது கேள், கை காலெல்லாம் பரபரக்கிறது! பெங்களூரிலிருந்து விமானம், ஜன்னல் சீட்டு. முதல் மூன்று நாள் உன் வழி. ரயில், ஜீப், விடியல், ஒரு கட்டம் விடாமல். அதற்கப்புறம்தான் என் நடை, இந்தப் புதுக் காலணியில், விரல் மோதாமல். குளிருக்கு உன் மெரூன் ஸ்வெட்டரை அம்மா கொடுத்திருக்கிறார். கை கொஞ்சம் குட்டை, பரவாயில்லை.

சற்று முன்தான் தாளை மேசையில் விரித்தேன். சிவப்பு ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தேன். தாளும் கிழிந்துவிடும் போலிருந்தது, விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்து, அதன் பக்கத்திலேயே பச்சையை ஒட்டினேன். பரிசோதித்தவர் கட்டத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. தாள் என் பையில் இருக்கிறது.

கிளம்பலாம், வாடி.