நாலு கைக் கார்பன்

திருவல்லிக்கேணி,
2-7-1946

அன்பு மருமகள் ஜஹீதாவுக்கு,

ஸலாம். “பஸ் ஏறிக் காலேஜ் போக வேண்டாம், கெமிஸ்ட்ரியை மாமாவே தபாலில் சொல்லித் தருவார்” என்று உன் அத்தா உன்னை வீட்டோடு நிறுத்தியது நல்லதுக்குத்தான். இருபது வருஷமாய் அத்தர் கடையில் மூக்கை வைத்தவனுக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா? போன மாசம் ஒரு துரையே என் ரோஜா அத்தரை முகர்ந்துவிட்டு, “நீர் லண்டனில் பிறந்திருக்க வேண்டியவர்” என்றார்.

நீ அனுப்பிய காலேஜ் கேள்வித்தாளில், செகண்டரி பியூட்டைல் ஆல்கஹாலில் எந்தக் கார்பன் அஸிமெட்ரிக், நட்சத்திரம் போடு என்று கேட்டிருக்கிறான். சாராயமா? தவ்பா! சரி, கேள். கார்பனுக்கு நாலு கை. நாலும் வேறு வேறு சரக்கைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டாவது கார்பனுக்கு இந்தப் பக்கமும் கார்பன், அந்தப் பக்கமும் கார்பன். ரெண்டும் ஒண்ணு. தள்ளு!

உன் மாமா,
பீர் முஹம்மது


ஆழ்வார்பேட்டை,
4-7-1946

மாமா அவர்களுக்கு,

ஸலாம். இதைப் பால்கார முத்தம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தா பார்க்க வேண்டாம்.

பக்கத்து அணுவோடு நின்றுவிடக் கூடாது, மாமா. ஒவ்வொரு கையையும் கடைசிவரை பார்க்க வேண்டும். ஒரு கையில் ஒற்றைக் கார்பன், இன்னொன்றில் இரண்டு கார்பன் தொடர். மற்ற இரண்டில் ஹைட்ரஜனும் ஹைட்ராக்ஸிலும். நாலும் வேறு. நீங்கள் தள்ளச் சொன்னதுதான் விடை.

திங்கட்கிழமை நான் வகுப்பில் இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். “எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது” என்று அத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஜன்னல் கம்பியைத் தவிர எனக்கு இங்கே துணையில்லை.

ஜஹீதா


திருவல்லிக்கேணி,
9-7-1946

மருமகளே,

சொல்லத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் அத்தா வந்த நேரம் கடை நிறையக் கூட்டம். “இன்னா மச்சான், பாடம் எப்படிப் போய்க்கினு கீது?” என்று உரக்கக் கேட்டார். அத்தனை பேர் முன்னால் என்ன செய்வேன்? “காலேஜ் வாத்தியாரே சந்தேகம் கேட்க என்கிட்டதான் வர்றாரு” என்று வாயில் வந்துவிட்டது. மச்சானுக்கு ஒரே பூரிப்பு. மறுநாளே போய் உன் பெயரை எடுத்துவிட்டாராம். வருத்தப்படாதே.

பக்கத்தில் நின்ற இனாயத் சாயபு, காலேஜ் போகும் தன் இரண்டு பெண்களையும் வெள்ளிக்கிழமை தானே என்னிடம் அழைத்து வருகிறாராம்; பாடம் பிடித்துவிட்டால் காலேஜையே நிறுத்திவிடுவாராம்! என் பெயர் எங்கே போய்விட்டது பார்த்தாயா? பாடத்தை எழுதி முத்தம்மாவிடம் கொடு. நட்சத்திரம் எங்கே என்பதை மட்டும் தெளிவாய்ப் போடு.

மாமா


ஆழ்வார்பேட்டை,
10-7-1946

மாமா அவர்களுக்கு,

பாடம் அனுப்ப மாட்டேன். அந்தப் பெண்கள் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும். நீங்கள் விழிப்பதை அவர்கள் வாப்பாவும் பார்க்கட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். அவர்கள் பெயராவது இன்னும் காலேஜில் இருக்கிறது.

ஜஹீதா