நட்சத்திரப் பழத்தை எனக்கு விற்க மறுத்தவருக்கு

பாய்,

உட்லண்ட்ஸ் பேரங்காடியில் இன்று நட்சத்திரப் பழம் வந்திருந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். தேக்காவில் உங்கள் பழக்கடை முன்னால் நிற்பதுபோல் இருந்தது.

அந்தப் பழத்தை உங்களைப் போல் புகழ்ந்தவர் யாருமில்லை. குறுக்கே வெட்டி ஐந்து முனைகளையும் காட்டுவீர்கள். "உடம்புச் சூட்டத் தணிக்கும், இருமலுக்குக் கேக்கும், வைட்டமின் சி நெறைய. பிரஷருக்கு இதச் சாறு எடுத்துக் குடிக்கிறவங்க இருக்காங்க லா" என்பீர்கள். அதை நம்பித்தான், என் கணவருக்கு ரத்த அழுத்தம் ஏறியபோது ஒரு கிலோ வாங்க வந்தேன்.

"யாருக்கும்மா?"

"அவருக்குத்தான் பாய். கிட்னி போயிருச்சு. டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கோம்."

சட்டென்று என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அத்தனை பேர் நடுவே எனக்கு அவமானமாகிவிட்டது. "நீங்க என்ன டாக்டரா?" என்று கத்தினேன்.

"இல்லம்மா. என் தம்பிக்கும் கிட்னி வேல செய்யல. சூடு தணியட்டும்னு நானே இத வெட்டிக் குடுத்தேன். விக்கல் வந்துச்சு, நிக்கவே இல்ல. அப்புறம் நெனவு போயிருச்சு. பொழைக்கல."

கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. நான் அங்கிருந்து நடந்துவிட்டேன்.

டயாலிசிஸ் நிலையத்தில் தாதியிடம் கேட்டபோது அவர் பதறிப்போனார். "ஆன்ட்டி, ஒரு துண்டுகூடக் கூடாது லா!" நல்ல சிறுநீரகம் அந்தப் பழத்திலுள்ள நஞ்சை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது, அது மூளையைத் தாக்கும் என்று விளக்கினார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தேன். நீங்கள் சிரித்தபடி ஓர் ஆப்பிளை நீட்டினீர்கள். "இதையும் எவ்வளவு குடுக்கலாம்னு டயாலிசிஸ் நிலையத்துலயே கேட்டுக்குங்க."

"இன்னும் ஏன் பாய் அந்தப் பழத்த விக்கிறீங்க?"

"பழம் என்ன பண்ணும்மா? நல்ல ஒடம்புக்கு அது நல்லதுதான். நாந்தான் விசாரிக்காமக் குடுத்துட்டேன்."

என் கணவர் அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தார். மகளின் திருமணத்தில் அவர் பக்கத்தில்தான் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். இப்போது அவரும் இல்லை, நீங்களும் இல்லை.

பழங்களின் குணத்தை யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நெஞ்சைப் பிளக்கும் தன் தவற்றை, தன்னிடம் கத்தியவளுக்காகக் கடைவாசலில் வைத்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? போன மாதம், நான் வேலை பார்க்கும் சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில், மருந்துப் பெட்டிகளைக் குளிர் அறைக்கு அனுப்பாமல் வெளியிலேயே விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். உங்கள் கடைவாசல்தான் நினைவுக்கு வந்தது பாய். முழுதும் சொல்லி முடித்தேன்.