ஏழு முறை டிராக்டர் சவாரி

1962 ஜூலை 9

படப்பிடிப்புக்காரர்கள் எங்கள் கூட்டுப்பண்ணைக்கு வந்து நான்கு நாளாகிறது. காதல் சிரிப்புப் படமாம். நாயகி பால் கறப்பவள். நகரத்து வேலையை உதறிவிட்டு டிராக்டர் ஓட்டுபவனோடு கிராமத்திலேயே தங்கிவிடுகிறாளாம். கதை எழுதியவர் என்னைப்போல ஒரு நாளாவது விடிகாலை நாலு மணிக்கு மாட்டுத் தொழுவத்தில் நின்றிருப்பாரா?

இவானவோ நகரத்து நெசவாலைக்குப் போக எனக்கு அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். ஸவேலியிடம் சொன்னேன். மூன்று வருடமாக, சனிக்கிழமை நடனம் முடிந்ததும் என்னை வீடுவரை கொண்டுவந்து விடுகிறவன். "நல்ல சம்பளமாமே" என்றான். அவ்வளவுதான். மரக்கட்டை!

ஜூலை 12

மழை. படப்பிடிப்பு இல்லை. ஸவேலியும் வரவில்லை.

ஜூலை 14

நாயகிக்கு டிராக்டரில் ஏறப் பயம். தூரத்துக் காட்சிதானே என்று அவளுடைய பூப்போட்ட பாவாடையை எனக்கு மாட்டிவிட்டார்கள். நாயகனுக்குப் பதில் எங்கள் பண்ணை டிராக்டர் ஓட்டுகிற ஸவேலி. நான் அவன் தோளில் சாய வேண்டும், வண்டி வயல் கடைசிவரை போக வேண்டும். ஒரு முறை போதும் என்றார் இயக்குநர்.

ஏழு முறை! ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் வண்டி நின்றுபோகும். இத்தனைக்கும் மாவட்டப் பரிசு வாங்கியவன். ஊரே வரப்பில் நின்று சிரித்தது. ஆறாவது முறை குனிந்து பார்த்தேன் — டீசல் குழாயின் திருகு மூடியிருக்கிறது.

"யாருடா இதை மூடினது?"

அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "இன்னொரு தடவை சாஞ்சுக்குவியேன்னுதான்..."

"மூணு வருஷமா வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை, கிளாஷா?"

ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. "நான் போகத்தான் போறேன். தொழுவத்துல பட்டது போதும்டா எனக்கு. வேணும்னா நீ வா!"

அவன் குனிந்து திருகைத் திறந்துவிட்டான். ஏழாவது முறை வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

ஜூலை 30

பெட்டி கட்டியாயிற்று. அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சரி. இல்லை — சரியில்லை.

1963 நவம்பர் 17, இவானவோ

ஆலைக்கு எதிர் அரங்கில் அந்தப் படம். ஞாயிறு பகல் காட்சிக்கு மொத்தம் பன்னிரண்டு பேர். நகரமே வேண்டாம் என்று நாயகி கண்ணீரோடு வசனம் பேசி, டிராக்டரில் ஏறி, அவன் தோளில் சாய்ந்து, வயலுக்குள் போய் மறைகிறாள். படம் முடிந்தது. சாய்ந்த தலை என்னுடையது.

போன வருடம் அறுவடை முடிந்த மறுநாளே வந்து சேர்ந்த ஸவேலி, டிராம் ஓட்டுநர் தொப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பொறுக்க முடியாமல் முன்வரிசைக் கிழவியின் தோளைத் தட்டினான்.

"அம்மா, அந்த வண்டியில போறது நாங்கதான். நானும் என் பொண்டாட்டியும்."

அவள் திரும்பி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"சும்மா இரு தம்பி. அவங்கதான் ஊர்லயே தங்கிட்டாங்களே!"