பனிப்பாதையில் ஒரு சனிக்கிழமை

ஏப்ரல் 14, செவ்வாய். மனுரேவா, நியூசிலாந்து.

ஃப்ரிட்ஜுக்கு வெளியே பனிக்கட்டியே கண்டறியாத நான்தான் கனடா வடக்கின் பனிப்பாதைகளுக்குச் சக்கரவர்த்தி. கணினி வரைபடத்தில் நான் கோடு கிழித்தால் ஆயிரம் லொறிகள் நடுங்கி நிற்கும்.

பாதை கடக்கும் ஓர் ஓடையின் மேல் பனி இளகுவதைப் படத்தில் கண்டு, "ஞாயிறு முதல் பாதை மூடப்படும்" என்று ஆணையிட்டேன். இங்கே ஞாயிறு விடிந்திருந்தது. அங்கே சனி. அன்று நள்ளிரவு வரை லொறிகள் ஓடின. இன்று வந்த செயற்கைக்கோள் படத்தில் கரை உடைந்து, மீன்கள் முட்டையிட ஏறிவரும் ஓடையை மண் அடைத்துக் கிடக்கிறது.

மனைவியிடம் சொன்னேன்.

"கிழமைக்குக் கிழமை கனடா அக்காவுக்குப் போன் எடுத்து, 'உங்களுக்கு இன்னும் சனியோ' எண்டு நக்கலடிக்கிற ஆளெல்லோ நீங்கள்?"

"ஓம்."

கம்பனிக்காரர் அறிக்கையில் காரணம் கேட்டிருந்தார்கள். "பனி முன்கூட்டியே இளகிவிட்டது" என்று எழுதி அனுப்பினேன். பனி வந்து மறுத்துக் கதைக்காது.