லைசென்ஸ் வேண்டாத வண்டி

மச்சான்,

மாமி காதில் விழக்கூடாது என்றுதான் சாப்பாட்டு டப்பாவோடு இதை வைக்கிறேன். தமிழ் வாசிப்பது உங்களுக்குச் சிரமம்தான், எழுத்துக்கூட்டியாவது முழுவதும் படியுங்கள்.

உங்கள் எலெக்ட்ரிக் சைக்கிளை நேற்று தப்ரேஸின் சைக்கிள் கடையில் பெட்டி பிரித்தோம். ஹேண்டில்பாரில் நீங்கள் கேட்ட கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டே அவன் சிரித்தான். "மைனி, சீட்டை இம்புட்டு ஒசத்தச் சொல்லிருக்காரே, அண்ணன் ரேஸுக்கா போறாரு?" நானும் சிரித்துவைத்தேன். பிறகு, விழுந்தால் தகவல் போகவேண்டிய நம்பரைப் போன் செயலியில் போடக் கேட்டான். என் நம்பரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வலிப்பு வந்தபின் ஆறு மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். பைக்கை விற்றீர்கள், நிம்மதியானேன். "இதுக்கு லைசென்ஸே வேண்டாம் புள்ள, டாக்டர் சொன்னது இதுக்கில்ல. டென்ஷன் மத் லே, கவலப்படாத" என்று இதை வாங்கினீர்கள். சயான் சிக்னலில் உங்களுக்குப் பின்னால் வரும் லாரிக்கு அது தெரியுமா?

பெடல்கள் பெட்டியில் தனியாக வந்திருந்தன. மிதிக்காமல் இந்த மோட்டார் ஓடாதாம். தப்ரேஸை மாட்டவிடாமல் அவற்றை வாங்கி வந்துவிட்டேன். என் ஆபீஸ் பையில் இருக்கின்றன.

சனிக்கிழமை இருவரும் டாக்டரிடம் போவோம். சைக்கிள் ஓட்டலாம் என்று அவர் வாயால் சொல்லட்டும், நானே மாட்டித் தருகிறேன். அதுவரை கோபப்படுங்கள். உங்கள் கோபத்தை என்னால் தாங்க முடியும்.

உங்கள் மனைவி