தீமிதிக்குப் போன பலகைகள்

அன்பு அண்ணி,

பாசமாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். வருவதென்னவோ கோபம்தான். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. லாபிஸ் தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். சிங்கப்பூரில் மிஷின் ஓட்டுகிறவனுக்கு மரக் கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

நடக்க முடியாத பிள்ளைகளுக்காக நீங்கள் தொடங்கிய பகல் மையத்தை அந்தக் கடைவீட்டு மாடியிலிருந்து இங்கே கொண்டுவர வேண்டும். அது புரிகிறது. ஆனால் 'வீடு இடிக்கிறவர்கள் பழைய மரம், கதவு, ஓடு கொடுத்து உதவுங்கள்' என்று வாட்ஸ்ஆப்பில் போட்டீர்களே, அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒருவர் சிகாமட்டிலிருந்து வேன் எடுத்து வந்தார். உள்ளே வெள்ளத்தில் ஊறிய சோபா. "நல்ல காரியத்துக்குத்தானே, வச்சுக்குங்க லா" என்று இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. பலகை விஷயத்தை நான் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

செடெனாக் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்தபோது நீங்களும் அண்ணனும் லாரி வைத்து ஏற்றி வந்த தரைப்பலகைகள். செங்கால் மரம், கரையான் வாய் வைக்காதது. ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த அறைக்கு எது என்று சாக்பீஸால் எழுதி, கட்டடத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தீர்கள். பக்கத்திலேயே உளுத்துப்போன கட்டைகளும் ஒரு குவியலாகக் கிடந்தன.

தோட்டத்துக் கோயில் தீமிதிக்கு இரண்டு நாள் முன்பு செயலாளர் தர்மலிங்கம் போன் பண்ணினார். "தம்பி, பூக்குழிக்கு விறகு பத்தல. ஆஸ்பத்திரிக்குப் பின்னால பழைய கட்டை கெடக்கே, எடுத்துக்கலாமா?" நான் வேலையில் நின்றிருந்தேன். காதெல்லாம் மிஷின் சத்தம். உளுத்த குவியல்தான் நினைவுக்கு வந்தது. "எடுத்துக்குங்கண்ணே" என்றேன்.

தீமிதி முடிந்து சனிக்கிழமை ஊருக்கு வந்து பார்த்தால் உளுத்த கட்டை அப்படியே கிடக்கிறது. பலகை ஒன்றுகூட இல்லை.

கோயிலுக்கு ஓடினேன். கத்தினேன். தர்மலிங்கம் முழித்தார். "நீங்கதானே தம்பி எடுத்துக்கச் சொன்னீங்க? உளுத்தது எரியாது, பொகைதான் வரும். இது நல்லா நின்னு எரிஞ்சுச்சு." விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று. "அலமாக், தரைக்கு வச்சிருந்ததா? யாரும் ஒரு வார்த்த சொல்லலியே!"

அவர் சொன்னது நிஜம். சாக்பீஸ் எழுத்து மழையில் எப்போதோ அழிந்திருந்தது. நீங்கள் ஒரு அட்டைகூட எழுதி மாட்டவில்லை, நானும் மாட்டவில்லை. எல்லாவற்றையும் உங்கள் தலைக்குள்ளேயே வைத்திருந்தீர்கள். இன்னும் எத்தனை விஷயம் அப்படி உங்களோடு போயிருக்கிறது, அண்ணி?

மையத்துக் குழுவில் எல்லோரும் "பிளைவுட் போட்டு மேல விரிப்பு ஒட்டிடலாம்" என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஈரத்தில், சக்கர நாற்காலிக்கு அடியில், அது எத்தனை நாள் தாங்கும்? வேறு மரம் தேடி வாரக் கடைசியெல்லாம் அலைந்தேன். கிடைத்தால் அளவு சேராது, அளவு சேர்ந்தால் கரையான். தரையில்லாமல் கட்டடம் மாதக்கணக்கில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அப்போதுதான் ஒருநாள் கடைவீட்டுப் படியில் வாசுகியைப் பார்த்தேன். மகள் மலரைத் தோளில் போட்டுக்கொண்டு பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மலருக்குப் பதினொரு வயது. தூக்குகிற கனமா அது? "அண்ணா, செங்காலோ பிளைவுட்டோ, எனக்கு எதுவா இருந்தா என்ன? என் இடுப்பு போச்சு. நீங்க நல்ல மரம் தேடி முடிக்கிறதுக்குள்ள இவ என்னவிட ஒசரமாயிடுவா" என்றாள். மலரை வாங்கிக்கொண்டு மீதிப் படியை நான் ஏறினேன்.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்குப் போய் அண்ணனிடம், பிளைவுட்டே போட்டுவிடலாம் என்றேன். நீங்கள் போன பிறகு அவர் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். அன்று குனிந்து தரையைத் தட்டிப் பார்த்து, "நம்ம வீட்டுத் தரையும் செங்கால்தான்" என்றார்.

"அண்ணே, அது அண்ணி படுத்த ரூம்!"

"படுத்தவ இல்ல. பலகைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கடப்பாரையை எடுத்து வந்து, கட்டில் இருந்த மூலையில் அவரே முதல் பலகையை நெம்பினார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். உதறிவிட்டார். பிறகு நானும் உட்கார்ந்து ஆணி பிடுங்கினேன். ஆணி பிடுங்க இன்னொரு ஆளும் வந்தார், தர்மலிங்கம்.

கூடத்துக்கும் பயிற்சி அறைக்கும் பலகை சரியாக வந்தது. பின்னறைக்கு இன்னும் இல்லை. தரை போன வீட்டில் இருக்க முடியாமல் அண்ணன் இப்போது ஊரிலுள்ள என் வீட்டில்தான் படுக்கிறார். போன வாரம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மலர் தன் நாற்காலியைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டினாள், திரும்பினாள், மறுபடியும் ஓட்டினாள். சாப்பிடக்கூட நிற்கவில்லை.

சந்தோஷமாக முடிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. வாசலில் நாற்காலி ஏற நான் கட்டிய சாய்தளம் செங்குத்தாக இருக்கிறதாம். நகராண்மைக் கழக அதிகாரி இரண்டு தடவை அளந்து, இரண்டு தடவையும் முடியாது என்று தலையாட்டிவிட்டார். அவர் சொல்வதும் சரிதான். உள்ளே போக இன்னமும் ஆள் கூப்பிட்டுத்தான் நாற்காலியைத் தூக்குகிறோம்.

ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன், அண்ணி. நாளைக்கு அதை இடிக்கிறேன். மறுபடியும் சரியில்லை என்றால் மறுபடியும் இடிப்பேன். யாரையும் கூப்பிடாமல் வாசுகி தனியாகவே மகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற வரைக்கும் விடமாட்டேன்.

கோபம் தீராத உங்கள் கொழுந்தன்,
சேகர்